மருத்துவமனை வாசலில் தொடங்கும் கணக்கு: மிதிவண்டித் தலைக்கவசச் சட்டங்களும் அவற்றின் சான்றுகளும்

மிதிவண்டி ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டுமா என்ற விவாதம் மருத்துவ இதழ்களிலும் சட்டமன்றங்களிலும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. இத்தனை ஆய்வுகள் வெளிவந்த பின்னும் அறிஞர்கள் ஒருமித்த முடிவுக்கு வராதிருப்பதற்குத் தரவுப் பற்றாக்குறையை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. இரு தரப்பாரும் இருவேறு கேள்விகளை எடுத்துக்கொண்டு, ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றதற்கும் உரிய விடையாக முன்வைப்பதில்தான் குழப்பத்தின் வேர் இருக்கிறது. கீழே விழுந்த ஒருவரின் தலையைக் கவசம் காக்குமா என்பது முதற்கேள்வி. எல்லோரும் அணிந்தே தீர வேண்டும் என்று சட்டம் இயற்றி, அணியாதவரிடம் அபராதம் வாங்கினால், அந்தச் சமூகத்தின் உடல்நலம் மொத்தத்தில் மேம்படுமா என்பது இரண்டாவது கேள்வி. முதற்கேள்விக்கு மருத்துவமனைப் பதிவேடுகளைக் கொண்டே விடை காணலாம். இரண்டாவதற்கோ தெருக்களில் எத்தனை பேர் மிதிவண்டி ஓட்டுகிறார்கள், சட்டம் வந்த பின் அவர்களுள் எத்தனை பேர் ஓட்டுவதை நிறுத்தினார்கள் என்ற கணக்கும் வேண்டும். முதற்கேள்விக்கு ‘ஆம்’ என்பதே பொருத்தமான விடை என்பதையும், அந்த விடையைக் கொண்டு வயது வந்தோருக்கான கட்டாயச் சட்டத்தை நியாயப்படுத்த இயலாது என்பதையும் ஆஸ்திரேலியா, அமெரிக்காவின் சியாட்டில், நெதர்லாந்து ஆகிய இடங்களின் அனுபவத்தை முதன்மையாக வைத்து இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கவசத்தின் பொறியியல்

மிதிவண்டித் தலைக்கவசத்தின் உயிர்ப்பகுதி அதன் பளபளப்பான மேலோடு அன்று. உள்ளே இருக்கும், தமிழகத்தில் தெர்மகோல் என்று எல்லோரும் அழைக்கும் பாலிஸ்டைரீன் நுரைதான். தலை தரையில் மோதும்போது இந்த நுரை நசுங்குகிறது; நசுங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகளில் தலையின் வேகம் படிப்படியாகக் குறைவதால், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் சென்று சேரும் உச்ச விசை தணிகிறது. நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை; ஆகவே ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம், பார்வைக்கு முழுமையாகத் தோன்றினாலும், தன் வேலையை முடித்துவிட்ட ஒன்று. 1975இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் இத்தகைய நுரையுடன் மிதிவண்டிக்கென்றே ஒரு கவசத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் பந்தய வீரர்கள் அணிந்துவந்த தோல்பட்டைத் தொப்பிகள் சிராய்ப்பைத் தடுத்தனவே தவிர மோதலைத் தாங்கவில்லை.

இக்கவசங்கள் எந்த அளவு மோதலுக்காக வடிவமைக்கப்படுகின்றன என்பதை விவாதத்தில் ஈடுபடுவோர் பலர் கவனிப்பதில்லை. ஐரோப்பியத் தரநிலையான இ.என். 1078, உலோகத்தாலான மாதிரித் தலை ஒன்றில் கவசத்தை மாட்டி, ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்புப் பட்டடையின்மேல் விழச் செய்கிறது. மோதும் வேகம் நொடிக்கு 5.42 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். அப்போது மாதிரித் தலையின் வேகக்குறைவு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 250 மடங்கைத் தாண்டக் கூடாது. 1999 முதல் நடைமுறையில் உள்ள அமெரிக்கத் தரநிலை 2 மீட்டர் உயரத்தையும் 300 மடங்கையும் எல்லையாக வைத்துள்ளது. மணிக்கு 20 கிலோமீட்டர் என்ற எண்ணைக் கண்டு, வேகமாக ஓட்டுபவருக்குக் கவசத்தால் பயனில்லை என்று எதிர்ப்பாளர் சிலர் வாதிடுவதுண்டு. அந்த வாதம் இயற்பியலுக்குப் பொருந்தாது. முன்னோக்கிய வேகம் எதுவாயினும், இருக்கையிலிருந்து சாய்ந்து விழுபவரின் தலை தரையை நோக்கி இறங்கும் வேகத்தை விழும் உயரமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆனால் 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரின் முன்பகுதி தலையில் மோதினால் நிலைமை வேறு. அந்த மோதல் எந்தச் சோதனைச்சாலையிலும் இக்கவசத்துக்கு வைக்கப்படும் தேர்வில் இடம்பெறுவதில்லை.

மூளைக் காயத்துக்கு நேர்கோட்டு மோதலைவிடத் தலையின் திடீர்ச் சுழற்சியே முதன்மைக் காரணம் என்பதை ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலாளர் ஹோல்போர்ன் 1943இலேயே எடுத்துக்காட்டினார். எனினும் மேற்கண்ட தரநிலைகள் நெடுங்காலம் நேர்கோட்டு மோதலை மட்டுமே அளந்துவந்தன. சுவீடன் நாட்டு நரம்பியல் அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்டும் ஆய்வாளர் பீட்டர் ஹால்டினும் 1990களில் தொடங்கிய முயற்சியின் விளைவாக, தலைக்கும் நுரைக்கும் இடையே சற்றே வழுக்கிச் செல்லும் மெல்லிய அடுக்கு ஒன்று சேர்க்கப்பட்ட கவசங்கள் பின்னர் சந்தைக்கு வந்தன. ஆகவே கவசம் என்பது முடிந்த முடிவான பொருள் அன்று. ஒரு குறிப்பிட்ட வகை விழுகைக்கு நன்றாகவும் மற்றவற்றுக்குக் குறைவாகவும் உதவும் கருவி.

சியாட்டில் ஆய்வும் 85 விழுக்காடும்

தலைக்கவச ஆதரவின் மூலச்சான்றாக இன்றளவும் குறிப்பிடப்படுவது, ராபர்ட் தாம்சன், ஃபிரெடெரிக் ரிவாரா, டயான் தாம்சன் ஆகியோர் 1989இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வாகும். சியாட்டில் நகர மருத்துவமனைகளுக்குத் தலைக்காயத்தோடு வந்த 235 மிதிவண்டி ஓட்டுநர்களை, மிதிவண்டி விபத்தில் வேறு உறுப்புகளில் காயம்பட்டு அதே அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த 433 பேரோடு அவர்கள் ஒப்பிட்டனர். நேர்வு–ஒப்பீட்டு ஆய்வு என்று மருத்துவப் புள்ளியியலில் வழங்கும் இம்முறை, நோயோ காயமோ ஏற்கனவே நேர்ந்துவிட்டவரிடமிருந்து தொடங்கி, அது நேராத ஒத்த குழுவோடு அவர்களை ஒப்பிட்டு, காரணியைப் பின்னோக்கித் தேடுவதாகும். தலைக்காயம் பட்டவர்களுள் 7 விழுக்காட்டினரும், ஒப்பீட்டுக் குழுவில் 24 விழுக்காட்டினரும் விபத்தின்போது கவசம் அணிந்திருந்தனர். வயது, வருமானம், விபத்தின் கடுமை முதலியவற்றால் வரும் வேறுபாடுகளைக் கழித்துக் கணக்கிட்டபோது, கவசம் தலைக்காய வாய்ப்பை 85 விழுக்காடும் மூளைக்காய வாய்ப்பை 88 விழுக்காடும் குறைக்கிறது என்று ஆசிரியர்கள் முடிவு கண்டனர்.

இந்த 85 என்ற எண் பின்வந்த காலத்தில் ஆய்வுக்கட்டுரையை விட்டு வெளியேறி, அரசுத் துண்டறிக்கைகளிலும் பள்ளிச் சுவரொட்டிகளிலும் தனி வாழ்வு பெற்றது. அதன் அடியில் இருந்த ஐயம் அவ்வாறு பயணிக்கவில்லை. 1980களின் சியாட்டிலில் தானாக முன்வந்து கவசம் வாங்கி அணிந்தவர்கள் ஏனையோரைவிட எச்சரிக்கையானவர்களாகவும், பூங்காப் பாதைகளில் ஓட்டுபவர்களாகவும், வசதி மிக்க குடும்பத்தினராகவும் இருந்திருக்கக்கூடும். அத்தகைய வேறுபாட்டைக் கணக்கீட்டால் முழுதும் நீக்க இயலாது. 2013இல் அமெரிக்கக் கூட்டரசு நிறுவனங்கள் இரண்டு, வாஷிங்டன் வட்டார மிதிவண்டி ஓட்டுநர் சங்கத்தின் முறையீட்டையடுத்து, இந்த எண்ணைத் தம் வெளியீடுகளிலிருந்து நீக்க இசைந்தன.

எண் பெரிதாகச் சொல்லப்பட்டது என்பதால் பயனே இல்லை என்றாகிவிடாது. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் தொகுப்புப் பகுப்பாய்வுகள் இதில் தெளிவு தருகின்றன. ஆஸ்திரேலிய ஆய்வாளர் அட்டெவெலும் குழுவினரும் 2001இல் செய்த தொகுப்பில் தலைக்காய வாய்ப்பு 60 விழுக்காடு குறைந்ததாகத் தெரியவந்தது. கழுத்துக்காய வாய்ப்பு ஓரளவு கூடியதாகவும் அதே தொகுப்பு காட்டிற்று. சாதகமான முடிவுகளே அச்சேறும் இயல்பினால் விளையும் வெளியீட்டுச் சார்பைக் கணக்கில் கொண்டால் பயன் மேலும் குறையும் என்று நார்வே நாட்டு ஆய்வாளர் ரூனே எல்விக் 2011இல் வாதிட்டார். சிட்னியைச் சேர்ந்த ஜேக் ஆலிவியரும் பிரூடன்ஸ் கிரெய்ட்டனும் 40 ஆய்வுகளையும் 64,000க்கும் மேற்பட்ட காயம்பட்டோரையும் உள்ளடக்கி 2016இல் வெளியிட்ட தொகுப்பு, தலைக்காய வாய்ப்பு 51 விழுக்காடும், கடுமையான தலைக்காய வாய்ப்பு 69 விழுக்காடும், உயிரைப் பறிக்கும் தலைக்காய வாய்ப்பு 65 விழுக்காடும் குறைவதாக மதிப்பிட்டது. கழுத்துக்காயத்துக்கும் கவசத்துக்கும் தொடர்பு இருப்பதாக அதில் தெரியவில்லை. ஏறத்தாழ பாதி, கடுங்காயத்தில் அதனினும் மிகுதி என்ற இம்மதிப்பீட்டை ஏற்க மறுப்பதற்குத் தக்க காரணம் எதுவும் இப்போது இல்லை. கவசமே ஏமாற்று என்று பேசும் எதிர்ப்பாளர்கள் தம் வழக்கைத் தாமே வலுவிழக்கச் செய்கிறார்கள்.

ஆனால் மேற்கண்ட ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன: மருத்துவமனை வாசலில். விபத்துக்குள்ளாகிச் சிகிச்சைக்கு வந்தவர் மட்டுமே கணக்கில் வருகிறார். விழாமல் வீடு திரும்பியவர் வருவதில்லை. கவசச் சட்டத்தால் மிதிவண்டியைக் கொட்டகையில் சாத்திவிட்டுக் காரில் ஏறியவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சட்டமோ இவர்கள் அனைவர்மீதும் பாய்கிறது.

விக்டோரியா, 1990 ஜூலை 1

சட்டத்தின் விளைவை அறியச் சட்டம் இயற்றிய இடத்தைப் பார்ப்பதே நேர்வழி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்குச் சாலைப் பாதுகாப்புச் சட்டங்களில் ஒரு முன்னோடி மரபு உண்டு: மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை 1961இலும், கார் இருக்கைப் பட்டையை 1970இலும் உலகிலேயே முதலில் கட்டாயமாக்கியது அம்மாநிலம். இருக்கைப் பட்டைச் சட்டத்தின் வெற்றியில் உற்சாகம் கொண்ட அறுவை மருத்துவர் அமைப்பு, அடுத்ததாக மிதிவண்டிக் கவசத்துக்குக் குரல் கொடுத்தது. 1989 டிசம்பரில் பிரதமர் பாப் ஹாக்கின் அரசு, விபத்து மிகுதியாக நிகழும் சாலைப்பகுதிகளைச் சீரமைக்க மாநிலங்களுக்கு நிதி அளிக்க முன்வந்தபோது, மிதிவண்டித் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குவதை அதற்குரிய நிபந்தனைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. விக்டோரியாவில் 1990 ஜூலை 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1992க்குள் ஏனைய மாநிலங்களும் ஆட்சிப்பகுதிகளும் அவ்வழியே சென்றன. நியூசிலாந்து 1994 ஜனவரியில் சேர்ந்துகொண்டது. நாடு தழுவிய நெறியாக மாறிய ஒரு சட்டத்தின் பிறப்பில் நிதி ஒதுக்கீட்டுக்கு இவ்வளவு பங்கிருந்தது என்பது, பின்னாளில் அதை அறிவியலின் நேரடி விளைவாகச் சித்திரிப்போர் சொல்லாமல் விடும் செய்தி.

முதற்பார்வையில் முடிவுகள் கண்கூடானவை. கவசம் அணிவோர் 1990இல் 31 விழுக்காடாக இருந்து 1991இல் 75 விழுக்காடாக உயர்ந்தனர். உயிரிழந்த, அல்லது தலைக்காயத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட மிதிவண்டி ஓட்டுநர் தொடர்பான காப்பீட்டுக் கோரிக்கைகள் முதலாண்டில் 48 விழுக்காடும், இரண்டாம் ஆண்டில் 70 விழுக்காடும் குறைந்தன என்று மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேமரூனும் குழுவினரும் எழுதினர். அதே ஆய்வில், மெல்பேர்ன் நகரில் சிறுவர்கள் மிதிவண்டி ஓட்டுவது சட்டத்தின் முதலாண்டில் 36 விழுக்காடு குறைந்தது என்ற செய்தியும் இருந்தது. வயது வந்தோர் ஓட்டுவது கூடியதாகவும் அவர்கள் மதிப்பிட்டனர். ஓட்டும் சிறுவருள் மூன்றில் ஒருவர் குறைந்த பிறகு அவர்கள் படும் காயமும் குறைவதில் வியப்பில்லை. குறைந்த காயத்தில் கவசத்தின் பங்கு எவ்வளவு, ஓட்டாமையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவதே சிக்கல்.

இச்சிக்கலை விடாப்பிடியாக எழுப்பியவர் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் டொரொத்தி ராபின்சன். சட்டம் வந்த அதே காலத்தில் விக்டோரியாவில் வேகக் கண்காணிப்புக் கேமராக்கள் பெருகின. மது அருந்தி ஓட்டுவோரைப் பிடிக்கும் தற்செயல் சோதனை தீவிரமாயிற்று. அதிர்ச்சியூட்டும் தொலைக்காட்சி விளம்பரங்கள் தொடர்ந்து ஒளிபரப்பாயின. 1989க்கும் 1992க்கும் இடையே மாநிலத்தின் மொத்தச் சாலை மரணங்களே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. கவசமே அணியாத நடைபயணிகளும் அக்காலத்தில் குறைவாகவே காயமுற்றனர். அப்படியிருக்க, மிதிவண்டி ஓட்டுநரிடம் கண்ட குறைவு முழுவதையும் கவசச் சட்டத்தின் கணக்கில் வரவு வைப்பது முறையாகாது என்பது ராபின்சனின் வாதம். மறுதரப்பினர் இதற்கு ஒரு நுட்பமான விடை கண்டனர். ஓட்டுவோர் குறைந்தாலும், போக்குவரத்து மேம்பட்டாலும் தலைக்காயமும் கைக்காயமும் ஒரே அளவில்தான் குறைய வேண்டும். தலைக்காயம் மட்டும் கூடுதலாகக் குறைந்திருந்தால் அந்த மிகுதி கவசத்துக்கு உரியது. நியூ சவுத் வேல்ஸ் மருத்துவமனைத் தரவை இவ்வாறு பகுத்த வால்ட்டரும் ஆலிவியரும் அவர்தம் குழுவினரும், கைக்காயத்தோடு ஒப்பிடத் தலைக்காயம் 29 விழுக்காடு கூடுதலாகக் குறைந்ததாக 2011இல் காட்டினர்.

அழகான முறைதான். ஆயினும் அது எதை நிறுவுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கவசம் அணிந்து விழுபவரின் தலை ஓரளவு காக்கப்படுகிறது என்ற, ஏற்கனவே ஒப்புக்கொண்ட முதற்கேள்வியின் விடையைத்தான் மீண்டும் உறுதிசெய்கிறது. ஓட்டாமல் போனவர்களைப் பற்றி இவ்விகிதத்தால் எதுவும் சொல்ல முடியாது. ஓட்டுவோர் எண்ணிக்கை எதுவாயினும் முடிவு மாறாதபடி அமைக்கப்பட்டிருப்பதே இம்முறையின் வலிமை. சட்டத்தை எடைபோடுவதற்கு அதுவே இதன் குறையுமாகும். சட்டம் இயற்றிய மாகாணங்களையும் இயற்றாத மாகாணங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு கனடாவில் கிடைத்தது. அங்கே இளையோரின் தலைக்காயச் சேர்க்கை சட்டமுள்ள மாகாணங்களில் 54 விழுக்காடும் இல்லாதவற்றில் 33 விழுக்காடும் குறைந்தது. ஆனால் சட்டத்துக்கு முன்பே தொடங்கியிருந்த இறங்குமுகத்தைக் கழித்துப் பார்த்தால் சட்டத்துக்கெனத் தனி விளைவு தென்படவில்லை என்று 2013இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வு தெரிவித்தது. அவ்வாய்வையொட்டித் தலையங்கம் எழுதிய பென் கோல்டேக்கரும் டேவிட் ஸ்பீகல்ஹால்டரும் இப்பொருளில் உறுதியின்மையே நீடிக்கும் என்ற கருத்துக்கு வந்தனர்.

கூடுவோரும் விலகுவோரும்

ஓட்டுவோர் குறைவதால் என்ன நட்டம் என்று கேட்கலாம். மிதிவண்டி ஓட்டுதல் நாள்தோறும் செய்யும் உடற்பயிற்சி. அதை நிறுத்தியவருக்கு இதயநோய், நீரிழிவு முதலியவற்றின் வாய்ப்பு கூடுகிறது. நெதர்லாந்தில் குறுந்தொலைவுப் பயணங்களுக்குக் காரை விட்டு மிதிவண்டிக்கு மாறுவோரின் ஆயுளை மதிப்பிட்ட டி ஹார்ட்டாக் குழுவினர், உடலுழைப்பால் 3 முதல் 14 மாதங்கள் ஆயுள் கூடுவதாகவும், விபத்தால் 5 முதல் 9 நாட்கள் மட்டுமே குறைவதாகவும் 2010இல் கணக்கிட்டனர். அதற்கு முன்பே, பிரித்தானிய மருத்துவச் சங்கத்துக்காக மேயர் ஹில்மன் 1992இல் தயாரித்த நூல், மிதிவண்டியால் பெறும் ஆயுளும் இழக்கும் ஆயுளும் 20க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பதாகக் கூறியது. அச்சங்கம் அப்போது கட்டாயச் சட்டத்தை எதிர்த்தது. 2004இல் நிலையை மாற்றிக்கொண்டு ஆதரித்தது. சிட்னி மெக்குவாரி பல்கலைக்கழகத்தின் பீட் டி யாங் 2012இல் வகுத்த கணித மாதிரியின்படி, மிதிவண்டி ஓட்டுவது மிகவும் ஆபத்தான நாடாக இருந்து, கவசமும் மிகுந்த பயனளித்து, சட்டத்தால் விலகுவோரும் சொற்பமாக இருந்தால்தான் கட்டாயச் சட்டத்தால் மொத்த உடல்நலம் கூடும். ஓட்டுவது ஏற்கனவே பாதுகாப்பாக உள்ள நாட்டில் அது நட்டத்தில் முடியும். மாதிரிகள் தம்முள் இடப்படும் எண்களைச் சார்ந்தவை என்பது உண்மை. எனினும் விலகுவோரைச் சுழியம் எனக் கொள்ளும் மௌனக் கணக்கைவிட, அவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கும் வெளிப்படையான கணக்கு நேர்மையானது.

விலகலுக்கு இன்னொரு விலையும் உண்டு. சாலையில் மிதிவண்டிகள் பெருகும்போது ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து குறைகிறது என்று பீட்டர் ஜேக்கப்சன் 2003இல் பல நாடுகளின் தரவுகொண்டு காட்டினார். அவர் கண்ட சமன்பாட்டின்படி ஓட்டுவோர் இருமடங்கானால் காயங்கள் 32 விழுக்காடுதான் கூடும். அதாவது தனியொருவரின் ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறையும். இதில் காரணமும் விளைவும் எத்திசையில் ஓடுகின்றன, பாதுகாப்பான தெருக்கள் இருப்பதால்தான் பலர் ஓட்டுகிறார்களா என்ற ஐயம் இன்னும் தீரவில்லை. இரண்டும் ஓரளவு உண்மையாகவே இருக்கக்கூடும்.

பொதுப் பயன்பாட்டு மிதிவண்டித் திட்டங்கள் இவ்விலகலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. 2010இல் மெல்பேர்னில் 600 மிதிவண்டிகளோடு தொடங்கிய வாடகைத் திட்டத்தில், திடீரென நினைத்துக்கொண்டு ஒரு வண்டியை எடுத்துச் செல்ல விரும்பியவர் முதலில் கவசம் தேட வேண்டியிருந்தது. அரசு மானியத்தோடு 5 டாலருக்குக் கவசம் விற்றுப் பார்த்தது. பயன்பாடு எதிர்பார்த்த அளவை எட்டாமல் 2019இல் திட்டம் மூடப்பட்டது. அதே 2010இல் தன் வாடகைத் திட்டத்தைத் தொடங்கிய மெக்சிகோ நகரம் கவசக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. இஸ்ரேலும் 2007இல் இயற்றிய சட்டத்தை 2011இல் திருத்தி, நகருக்குள் ஓட்டும் வயது வந்தோருக்கு விலக்களித்தது.

பாதுகாப்பு கூடியதாக உணர்பவர் துணிச்சலையும் கூட்டிக்கொள்கிறார் என்னும் இடர் ஈடுசெய்தல் கொள்கையும் இவ்விவாதத்தில் அடிக்கடி இழுக்கப்படுகிறது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக உளவியலாளர் இயான் வாக்கர் அதைத் தலைகீழாகத் திருப்பி, கவசம் அணிந்தவரைக் கண்ட காரோட்டி எப்படி நடந்துகொள்கிறார் என்று சோதித்தார். மீயொலி அளவியைத் தம் மிதிவண்டியில் பொருத்திக்கொண்டு சாலிஸ்பரி, பிரிஸ்டல் சாலைகளில் ஓட்டி, தம்மை முந்திச் சென்ற 2,300க்கும் மேற்பட்ட வாகனங்களின் இடைவெளியை அளந்தார். கவசம் அணிந்தபோது அவை சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கிச் சென்றன. பெண்ணைப் போல் நீண்ட பொய்முடி அணிந்தபோது விலகிச் சென்றன. ஆய்வின்போது ஒருமுறை பேருந்தும் ஒருமுறை லாரியும் அவரை இடித்தன. இருமுறையும் அவர் கவசம் அணிந்தே இருந்தார். செய்தித்தாள்கள் விரும்பிய ஆய்வு இது. ஆனால் ஒரு மீட்டருக்குள் நெருங்கும் ஆபத்தான முந்துதலை மட்டும் எடுத்துக்கொண்டால் கவசத்தால் வேறுபாடு இல்லை என்று ஆலிவியரும் வால்ட்டரும் அதே தரவை மறுபகுப்பாய்வு செய்து 2013இல் எழுதினர். ஒரே மனிதர் ஓட்டிய ஒரு மிதிவண்டியைக் கொண்டு நாட்டுக்குச் சட்டம் கூடாது என்று வாதிடுவது, 85 விழுக்காட்டைக் கொண்டு சட்டம் வேண்டும் என்று வாதிட்டதற்கு எவ்வகையிலும் குறைந்த பிழை அன்று.

நெதர்லாந்தின் பாடம், முழுமையாக

கட்டாயத்தை எதிர்ப்போர் தவறாமல் சுட்டும் நாடு நெதர்லாந்து. மொத்தப் பயணங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மிதிவண்டியில் நிகழும் அந்நாட்டில் அன்றாடம் ஓட்டுவோர் கவசம் அணிவது மிக அரிது. இந்நிலை பண்பாட்டால் தானே வந்ததன்று. 1971இல் அங்கே சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அடுத்த ஆண்டு ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று பொருள்படும் பெயரோடு எழுந்த பெற்றோர் இயக்கம் குழந்தைகளுக்குக் கவசம் கேட்கவில்லை. கார்களைக் கட்டுப்படுத்தும் தெருக்களைக் கேட்டது. எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, தனிப்பாதைகளும் வேகத்தடை கொண்ட குடியிருப்புத் தெருக்களும் பத்தாண்டுகளில் பெருகின. மோட்டார் வாகனம் மிதிவண்டி ஓட்டுநரை இடித்தால் இழப்பீட்டுப் பொறுப்பு இயல்பாக வாகனத்தின்மேல் விழும்படி சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 185ஆம் பிரிவு அமைந்துள்ளது. 14 வயதுக்குட்பட்ட சிறுவராயின் அப்பொறுப்பு ஏறக்குறைய முழுமையானது.

இதை மட்டும் சொல்லி நிறுத்துவது வழக்கம். ஆனால் 2017இல் அந்நாட்டில் முதன்முறையாகக் காரில் பயணித்து இறந்தோரைவிட (201) மிதிவண்டியில் இறந்தோர் (206) அதிகமாயினர். 2022இல் அந்த எண் 291ஐ எட்டியது. மின்மோட்டார் உதவியோடு ஓடும் மிதிவண்டியில் முதுமையிலும் வெளியே செல்வோர் பெருகியிருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். கடுங்காயங்கள் பலவற்றில் வேறு வாகனமே சம்பந்தப்படுவதில்லை. நடைமேடை விளிம்பில் சக்கரம் இடறி, எழுபது வயதுத் தலை தரையில் மோதுவது இ.என். 1078 சோதனை செய்யும் விழுகையேதான். ஆகவே கவசத்தால் மிகுந்த பயன்பெறக்கூடியவர் நெதர்லாந்தின் முதியவர். அந்நாட்டு மருத்துவர்கள் முதியோரை அணியச் சொல்லி வலியுறுத்துவதில் நியாயம் உண்டு. மிதிவண்டி ஓட்டுவது பாதுகாப்பானது என்ற பொதுக்கூற்று எந்த வயதினருக்கு என்று கேட்காமல் சொல்லப்படும்போது பொருளிழக்கிறது.

அபராதம் யாருக்கு

சட்டத்தை எடைபோடுகையில் அது ஏட்டில் எவ்வாறு இருக்கிறது என்பதைவிடத் தெருவில் யார்மீது பாய்கிறது என்பது முதன்மையானது. 85 விழுக்காட்டு ஆய்வு பிறந்த சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் மாவட்டம் 1993இல் கவசத்தைக் கட்டாயமாக்கியது. அவ்விதி 2003இல் சியாட்டில் நகருக்கும் நீட்டிக்கப்பட்டது. 2017க்குப் பின் அந்நகரில் வழங்கப்பட்ட அபராதச் சீட்டுகளில் ஏறத்தாழப் பாதி வீடற்றோருக்கே வழங்கப்பட்டன என்பதும், கறுப்பின ஓட்டுநர்கள் வெள்ளையரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விகிதத்தில் பிடிக்கப்பட்டனர் என்பதும் ஆய்வில் வெளிவந்தன. 2022 பிப்ரவரியில் மாவட்டச் சுகாதார வாரியம் சட்டத்தை நீக்கியது. கவசம் பயனற்றது என்று அவ்வாரியம் கூறவில்லை. அணியும்படி பரிந்துரைப்பதை அது தொடர்கிறது. இக்கட்டுரை பிரித்துக்காட்டும் இரு கேள்விகளையும் ஓர் அரசு அமைப்பு தெளிவாகப் பிரித்துணர்ந்த அரிய நிகழ்வு அது. இதற்கு நேர்மாறாக நியூ சவுத் வேல்ஸ் 2016 மார்ச்சில் கவசமின்மைக்கான அபராதத்தை 71 டாலரிலிருந்து 319 டாலராக உயர்த்தியது. மிதிவண்டியைத் தவிர வேறு ஊர்தி இல்லாத ஒருவருக்கு அது ஊர்தியின் விலையையே தாண்டிவிடக்கூடும். ஜப்பான் 2023 ஏப்ரலில் தண்டனையற்ற கடமையாக, அதாவது எல்லா வயதினரும் அணிய முயல வேண்டும் என்ற நெறியாக மட்டும் சட்டம் செய்தது. அவ்வாண்டு ஜூலையில் காவல்துறை எடுத்த கணக்கில் அணிந்தோர் 13.5 விழுக்காடுதான். ஆகவே தண்டனையற்ற நெறியால் பழக்கம் விரைவாக மாறிவிடும் என்று நம்புவதற்கும் இடமில்லை.

இந்திய நிலை

இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவில் விதிக்கும் தலைக்கவசக் கடமை மோட்டார் பொருத்திய இருசக்கர வாகனத்துக்கே உரியது. மிதிவண்டி அதற்குள் வருவதில்லை. 2015 ஜூலை 1 முதல் அவ்விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபின் தமிழகம் கண்ட காட்சி நினைவிருக்கும்: பெட்ரோல் டேங்கின்மேல் வைத்துக் கொண்டுசென்று, காவலரைக் கண்டதும் தலைக்கு ஏற்றப்படும் கவசம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிளுக்கு அச்சட்டம் சரியானதே. அங்கே விபத்தின் கடுமையும் இறப்பும் மிதிவண்டியோடு ஒப்பிடத்தக்கவை அல்ல. கவசத்துக்கு அஞ்சி மோட்டார் சைக்கிளைக் கைவிடுவோரும் இல்லை. அச்சட்டத்தின் நியாயத்தை மிதிவண்டிக்கு இரவல் வாங்க முடியாது.

தமிழக அரசு மேல்நிலை முதலாண்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் விலையில்லா மிதிவண்டி வழங்கிவருகிறது. அம்மிதிவண்டியே பல சிற்றூர்ப் பெண்களைப் பதினொன்றாம் வகுப்புக்குக் கொண்டுசேர்க்கிறது. பேருந்தும் மணல் லாரியும் விரையும் நெடுஞ்சாலை ஓரத்தில் செல்லும் அம்மாணவிக்கு ஒரு நல்ல கவசத்தையும் அரசு சேர்த்து வழங்கினால் அது வரவேற்கத்தக்கது. இளையோர் தலைக்கு அதன் பயன் ஐயத்துக்கு இடமற்றது. அணியாவிட்டால் அபராதம் என்று விதித்தால், முதலில் நின்றுபோவது அவளுடைய பள்ளிப் பயணமாக இருக்கக்கூடும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலைக்குச் செல்வோரின் பயண ஊர்தியைக் கேட்டது. பள்ளிக்கும் சந்தைக்கும் மிதிவண்டியில் செல்வோரை அது எண்ணவில்லை. எத்தனை பேர் ஓட்டுகிறார்கள், எவ்வளவு தொலைவு ஓட்டுகிறார்கள் என்பதை ஆண்டுதோறும் அளக்கும் கணக்கு கைக்கு வராத வரை, 129ஆம் பிரிவை மிதிவண்டிக்கு நீட்டிக்கும் எந்த முன்மொழிவையும் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ ஏற்கக் கூடாது.